கடலோரப் பாதையைச் சரிபார்த்தவர்

எங்கள் அலுவலகம் சுற்றுலா வருகிறவர்களுக்காக நகர வரைபடம் போடுகிறது. எந்த பஸ்ஸில் ஏறுவது, எங்கே இறங்குவது, எந்தத் தெருவில் நடப்பது என்று காட்டும், மடித்துப் பையில் வைத்துக்கொள்ளும் தாள். அதை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வரைகிறவன் நான். நடந்தும் பஸ் ஏறியும் பார்த்து எழுதித் தருகிறவர் ஓர் அக்கா. முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘மைல்கல்’ என்று பெயர். பத்தொன்பது வருடமாக அவர் செருப்பு தேய்ந்துதான் எங்கள் வயிறு நிரம்பியது. இதை அங்கே ஒருத்தரும் வாய் திறந்து சொன்னதில்லை, நானும்தான்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. வீட்டுக்காரர் தையல்காரர். “அவ ஊரை மிதிக்கிறா, நான் மெஷினை மிதிக்கிறேன்” என்பார். காலையில் கிளம்பினால் வேலை முடியும்வரை அக்கா சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டுமே. இந்த நகரத்துக் கழிப்பறைகளை நோட்டில் மூன்று வகையாகப் பிரித்து வைத்திருந்தார்: போகலாம், மூக்கைப் பிடித்துக்கொண்டு போகலாம், செத்தாலும் போகக் கூடாது. மூன்றுக்கும் ஒரே படத்தைப் போடச் சொல்வார் மேலாளர். போடுவேன். மீன் குடல் அழுகும் சந்து என்று அக்கா எழுதினால் அது என் கையில் ‘துறைமுகச் சந்து’ ஆகிவிடும்.

எல்லா வரைபடத்தின் அடியிலும் ‘நடந்து சரிபார்த்தவர்’ என்று போட்டு ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயர் இல்லாமல் எதுவும் அச்சுக்குப் போகாது. அதுதான் எங்கள் பெருமை. சரிபார்க்கவும் விதி உண்டு: பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை, அதே மணிக்கு. பஸ் நேரம் ஒத்துவருகிறதா என்று பார்க்கத்தான் அதே மணி.

இந்த வருடம் மேலாளர் கண்டுபிடித்த புதுச் சரக்கு கடலோரப் பாதை. பாதை என்பது அவர் வைத்த பெயர். கடல் சுவரை ஒட்டி ஓடும் பெரிய சாக்கடைமேல் பாவிய சிமெண்ட் பலகைகள், அவ்வளவுதான். அக்கா இரண்டு தடவையும் காலை ஒன்பது மணிக்குப் போனார். பாதை காய்ந்து கிடந்தது. ஒரு பலகை இல்லை, தாண்டிப் போகலாம் என்று குறித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அந்தப் பள்ளத்தை நான் வரையவில்லை. அழகு கெட்டுவிடுமாம்.

அச்சுக்கு முந்தின நாள், அந்தப் பாதைக்கு இறங்கும் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று எங்களுக்குள் தகராறு.

“உக்காந்த எடத்துலேர்ந்து படிக்கட்டைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்காதீங்க தம்பி. வாங்க, கண்ணால பாத்துட்டு வந்துடலாம்.”

இரண்டு பஸ் மாறினோம். முதல் பஸ்ஸில் கம்பியெல்லாம் பிசுபிசுப்பு. இரண்டாவதில் முன் சீட்டு ஆள் ஜன்னல் வழியாகத் துப்பியதில் பாதி என் சட்டைக்கு வந்தது. அக்கா பையிலிருந்து பழைய துணி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இறங்கும்போது மதியம் மூன்று மணி.

பாதையைக் காணோம். கறுப்புத் தண்ணீர் சுவர்வரை நின்றது. கடல் ஏறிச் சாக்கடையைப் பின்னுக்குத் தள்ள, அது பலகை இடுக்குகள் வழியாகப் பொங்கிக்கொண்டிருந்தது. மேலே பிளாஸ்டிக் பை, குழந்தைக்குக் கட்டிக் கழற்றிய நாப்கின், வயிறு ஊதிய எலி. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். பள்ளம் இன்னும் தள்ளி என்று நினைத்திருக்கிறார். நாலாவது அடியில் இடுப்புவரை உள்ளே போய்விட்டார். பை வாரைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினேன். முழங்காலில் தோல் உரிந்திருந்தது.

சுவர்மேல் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தவர் விவரம் கேட்டுவிட்டுச் சிரித்தார். “பதினஞ்சு நாள் கழிச்சு அதே மணிக்கு வந்தா, கடலும் அதே எடத்துலதாம்மா இருக்கும். தண்ணி ஏறுற நேரம் தெனமும் கொஞ்சம் தள்ளிப் போயி, பதினஞ்சு நாள்ல பழைய மணிக்கே திரும்பிடும். நடுவுல ஒரு நாள் வரணும். இல்லன்னா, அன்னிக்கே மத்தியானம் வந்திருக்கணும்.”

அக்கா சேலையைப் பிழிந்தார். பிறகு சொன்னார்: “எடம் தெரிஞ்ச நானே விழுந்துட்டேன். கொழந்தையோட வர்றவங்க என்ன ஆவாங்க தம்பி?”

அப்படியே பஸ் ஏறினோம். நாற்றம் தாங்காமல் எல்லோரும் விலகிக்கொண்டார்கள். மேலாளர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டுதான் பேசினார்.

“எம் பேரை எடுத்துடுங்க சார். அந்தப் பாதையையும் எடுத்துடுங்க.”

“மழை பேஞ்சா எந்தத் தெருவுலதான் தண்ணி நிக்கல?”

“மழை இல்ல சார், சாக்கடை. தெனமும் ஏறும். ஆள் முங்கும்.”

மேலாளர் என் பக்கம் திரும்பினார். “நீயும் போனல்ல? ஒம் பேரைப் போடு. நாளைக்கு அச்சுக்குப் போகணும்.”

அக்கா என்னைப் பார்த்தார். எனக்கும் காரணங்கள் இருந்தன. இப்போது அவற்றைச் சொல்ல வாயெடுத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அவர் பெயரை அழித்தேன், என் பெயரை எழுதினேன். எழுத்து கோணாமல் வரவேண்டுமே என்று கவனமாக வேறு எழுதினேன். பையை எடுத்துக்கொண்டு போன அக்கா மறுநாளிலிருந்து வரவில்லை.

வரைபடம் வந்து ஒரு மாதம் இருக்கும். தண்ணீர் ஏறும் நேரம் பார்த்து மைல்கல் தினமும் அங்கே போய் நிற்கிறது என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். போய் இரண்டு வார்த்தை பேசலாம் என்று ஒரு மதியம் நானும் பஸ் ஏறினேன்.

ஜன்னலிலிருந்தே தெரிந்தது. பாதை தொடங்கும் இடத்தில், கணுக்கால் முழுகும் அசிங்கத்தில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அக்கா நின்றார். எதிரே தோளில் குழந்தையோடு ஓர் ஆள், பக்கத்தில் அவன் மனைவி. அவன் எங்கள் வரைபடத்தை அக்கா முகத்துக்கு நேரே நீட்டி, அடியில் இருந்த பெயரை விரலால் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

“சார், நீங்க கேட்ட ஸ்டாப் இதான், எறங்குங்க” என்றார் கண்டக்டர்.

“இல்லங்க, அடுத்தது” என்றேன்.