சாவி திருப்ப மட்டும் தெரிந்தவர்

திருப்பதியில் நான் தனியாகக் குடியிருந்த அபார்ட்மெண்டில், இரண்டாவது மாடி அம்மா ஒருவர் தினமும் காலை ஆறு மணிக்குக் கீழே வருவார். ஒல்லியான உடம்பு, நரைத்த தலை, கையில் ஒரு டார்ச். பார்க்கிங்கில் நிற்கும் வெள்ளைக் காரின் பானெட்டைத் தூக்கி, எலி வந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். எலி அண்டாமலிருக்க வைத்திருந்த பழைய புகையிலையை எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பார். பிறகு இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். அந்தக் கார் வெளியே போய் நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்கு டியூட்டிக்குக் கிளம்பினேன். என் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. அந்த அம்மாவே வந்து டார்ச் அடித்தார்.

“எலி வயர துன்னு வச்சிக்கீதுப்பா. மெக்கானிக்கதான் கூப்புடணும்” என்றார். கையிலிருந்த புகையிலையில் பாதியை எனக்குக் கொடுத்தார்.

மெக்கானிக் வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

“உங்க காரை வெளிய எடுக்கறதே இல்லையாம்மா?” என்று கேட்டேன்.

“எனக்கு எங்க ஓட்டத் தெரியும்? சாவி திருப்ப மட்டும்தான் தெரியும். அவருதான் ஓட்டிக்கினு இருந்தாரு. அவரு தவறி ரெண்டு வருசம் ஆவுது.”

“அப்போ வித்துடலாமே?”



“வித்துட்டா, காலைல எழுந்து நான் எதுக்குக் கீழ வரணும், சொல்லு?”



மறுநாள் எனக்கு லீவு. எங்கும் போக வேண்டியதில்லை. இருந்தும் ஆறு மணிக்குக் கீழே இறங்கினேன். அவர் காரின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் கையை நீட்டி, பக்கத்து சீட்டின் கதவைத் திறந்துவிட்டார்.