செவலைக்கு இன்னும் ஒரு வருஷம்

போன ஐப்பசி மாதம். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் ஒரு வாழைத்தோட்டத்தில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு, தோளில் ஒரு பையோடு சத்திரம் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. ஆனால் அன்றைக்கு இருந்த எரிச்சலோடு எந்த ஊரையும் விட்டுக் கிளம்பியதில்லை.

எல்லாம் ஒரு நாயால் வந்தது. தோட்டக்காரர் ஒரு சிப்பிப்பாறைப் பெட்டை நாய் வைத்திருந்தார். நிறத்தை வைத்து அதன் பெயர் செவலை. வாழைக்கிழங்கைத் தோண்டும் பன்றிகளை விரட்டவும், பெருச்சாளி பிடிக்கவும் அதைப் பழக்குவதுதான் என் வேலை. எனக்கு ஒழுங்காகத் தெரிந்த வேலையும் அது ஒன்றுதான். ஏழாம் மாதத்திலேயே செவலை பெருச்சாளியை வளைக்கு வெளியே காத்திருந்து பிடித்தது. ஒன்பதாம் மாதத்தில் பன்றிக் கூட்டத்தைக் கரை தாண்டி ஓட்டியது. பத்தாம் மாதத்தில் முதல் தடவையாகப் பருவத்துக்கு வந்தது. உடனே தோட்டக்காரருக்குக் குட்டி ஆசை வந்துவிட்டது.

"பன்னியையே விரட்டுது. இதுக்கு மேல என்ன வயசு வேணும் அதுக்கு?" என்பார்.

"அண்ணே, விரட்டறது காலு, சுமக்கறது இடுப்பு. காலு வந்துடுச்சு, இடுப்பு இன்னும் வரலை. இன்னும் ஒரு வருஷம் போகட்டும்."

பத்து நாளும் இதே பேச்சுதான். அதன் இடுப்பெலும்பைத் தொட்டுக் காட்டினேன். இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற உடம்பு, இதில் ஆறு குட்டியை ஏற்றினால் தாயும் தேறாது, குட்டியும் தேறாது என்றேன். வேட்டை நாய் என்றால் ஒரு வருஷமாவது வேலையில் பார்க்கவேண்டும். ஒருமுறை அடிபட்ட பிறகும் அதே புதருக்குள் திரும்ப நுழைகிறதா என்று தெரியவேண்டும். செவலை இதுவரை ஒரு கீறல்கூட வாங்கியதில்லை. எந்தக் குணம் குட்டிக்குப் போகும் என்று எதை வைத்துச் சொல்வது என்று கேட்டேன். அவர் போனை எடுத்து, யாரோ அனுப்பிய செய்தியைக் காட்டினார். எட்டு மாதமே போதுமாம். இன்னொரு நாள் தினசரி காலண்டரோடு வந்து, புதன்கிழமை நல்ல நாள் என்றார்.

"நாய் நாள் பாக்குமாண்ணே?"

"நீ எட்டாவது, நான் பி.காம். யாரு பேச்சை யாரு கேக்கணும்?"

அந்தப் புதன்கிழமைதான் நான் நடந்துகொண்டிருந்தது. மதியத்துக்குள் லால்குடியிலிருந்து ஒருவர் தன் ஆண் நாயோடு வருவதாக ஏற்பாடு. பருவத்துக்கு வந்ததிலிருந்து கசிந்துகொண்டிருந்த ரத்தம் செவலைக்கு இரண்டு நாளாக நின்றிருந்தது. அதையே காரணமாக வைத்துக் காலையில் கடைசியாக ஒரு முறை சொன்னேன்: "ரத்தம் நின்னுடுச்சுண்ணே, பருவம் முடிஞ்சுபோச்சு. இனி எந்த நாயும் கிட்ட வராது. அந்த மனுசனை வீணா அலைய விடாதீங்க."

"உனக்குச் சோறு போடறது நாய் பழக்கறதுக்கு, எனக்குப் பாடம் எடுக்கறதுக்கு இல்லை" என்றார்.

பையை எடுத்துக்கொண்டேன். போகிற போக்கில், பருவம்தான் முடிந்துவிட்டதே என்ற தைரியத்தில், தோட்டத்தைச் சுற்றி வரட்டும் என்று செவலையை அவிழ்த்தும் விட்டேன்.

ராஜகோபுரத்தைத் தாண்டியபோது பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். செவலை. அதன் பின்னால் மூன்று தெரு நாய்கள். போ என்றால் போகவில்லை, கல்லெடுப்பதுபோல் குனிந்தாலும் நகரவில்லை. ஸ்டேஷன் பக்கம் திரும்புவதற்குள் மூன்று ஏழாகிவிட்டது. ஒரு கறுப்பு நாய் கிட்டே வந்தது. முந்தாநாள்வரை எந்த நாயைக் கண்டாலும் பல்லைக் காட்டிய செவலை, இப்போது அசையாமல் நின்று வாலை ஒரு பக்கமாக ஒதுக்கியது. பையால் கறுப்பனை ஓர் அடி அடித்தேன், செவலையை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஏழும் குரைத்துக்கொண்டு பின்னால் வந்தன. ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

ஸ்டேஷன் அருகே ஒரு டூவீலர் ஸ்டாண்ட் இருந்தது. கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து நின்றார்.

"ஏம்ப்பா, இது வண்டி விடற இடம். நாய்க்கெல்லாம் டோக்கன் கிடையாது."

"அக்கா, கொஞ்ச நேரம்க்கா. அதுங்க விடமாட்டேங்குதுங்க."

செவலையையும் வெளியே நிற்கிற கூட்டத்தையும் ஒரு பார்வை பார்த்தார். மறுபேச்சில்லாமல் பின்னால் இருந்த தகர அறையைத் திறந்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரைக் கேட்டுக்கு வெளியே வீசினார். அந்த அறையில் செவலையை அடைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"ரத்தம் நின்னு ரெண்டு நாளாச்சுக்கா. அப்புறமும் ஏன் இப்படி வருதுங்கன்னே புரியலை" என்றேன்.

"நாய் வளக்கறேன்னு சொல்லிக்காதப்பா. நின்னாத்தான் ஆரம்பமே. அதுக்கப்புறம் ஒரு வாரம் கண்ணுல எண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்துக்கணும். எங்க வீட்ல மூணு பொட்டை நாய் வளத்திருக்கேன்."

இத்தனை வருஷம் வைத்திருந்ததெல்லாம் ஆண் நாய்கள். பெட்டையைப் பற்றி யாரிடமோ கேட்டதை வைத்துக்கொண்டு பத்து நாள் ஒரு மனிதரிடம் சட்டம் பேசியிருக்கிறேன். இடுப்பைப் பற்றிச் சொன்னது சரி. நாளைப் பற்றிச் சொன்னது தப்பு. அந்தத் தப்பில்தான் அதை அவிழ்த்தும் விட்டேன். அதுவரை தோட்டக்காரர் மேல் இருந்த எரிச்சல் மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

வேறு வழியில்லாமல் தோட்டக்காரருக்குப் போன் செய்தேன். அரை மணி நேரத்தில் ஒரு மினி லாரி வந்து நின்றது. தோட்டக்காரரும் லால்குடிக்காரரும் இறங்கினார்கள். பின்னால் கூண்டுக்குள் பெரிய ஆண் நாய் நின்றது. லால்குடிக்காரர் கேட்டுக்கு வெளியே படுத்துக் கிடந்த ஏழு நாய்களையும் பார்த்தார், தகர அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"சரியான நேரந்தான். பத்து நிமிஷத்துல சேத்துடலாம்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "வழியில இதுங்கள்ல எதுவும் ஏறிடலையே?"

எதுவும் ஏறவில்லை. நாய் சேர்ந்தால் உடனே பிரியாது. நடந்திருந்தால் எனக்குத் தெரியாமல் போயிருக்காது. இல்லை என்று சொன்னால் அடுத்த பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

"ஒண்ணு ஏறிடுச்சுண்ணே" என்றேன். "கறுப்பு நாய். கல்லெடுத்து அடிச்சும் கேக்கலை."

லால்குடிக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார்.

"நான் டோக்கன் போட்டுக்கிட்டிருந்தேன். தெருவுல நடக்கறதை எங்க கவனிச்சேன்?" என்றார்.

லால்குடிக்காரர் தலையை ஆட்டினார். "அப்ப வேண்டாம். பொறக்கற குட்டி யாருதுன்னு நான் எப்படிச் சொல்றது? அடுத்த வருஷம் பாப்போம்."

அடுத்த வருஷம். பத்து நாளாக நான் கத்தியது அதற்குத்தான். தோட்டக்காரர், ஸ்டாண்டில் வண்டி எடுக்க வந்தவர்களெல்லாம் நின்று கேட்கும்படி திட்டினார்.

"ஒரு பொட்டை நாயைக் கட்டி வைக்கத் துப்பில்லை, நீயெல்லாம் நாய்க்காரனாடா? வக்கணையாச் சொல்லிக் குடுத்தியே, இடுப்பு, எலும்புன்னு!"

"உன் மூஞ்சியை நல்லாப் பாத்துக்கிட்டேன். நாய் வச்சிருக்கற எவன்கிட்டயும் இனி நீ வேலைக்குச் சேர முடியாது" என்றார் லால்குடிக்காரர். வீண்பேச்சு பேசுகிறவராகத் தெரியவில்லை.

செவலையைக் கயிற்றில் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். தோட்டக்காரர் கோபத்தில் அதைத் துரத்திவிடுவாரோ என்று பயந்து, "அண்ணே, வேலைக்கு நல்ல நாய்ண்ணே" என்றேன். "அது எனக்குத் தெரியும், நீ நட" என்றார். அது போதும் எனக்கு. இரண்டு மாதம் கழித்து அதன் வயிறு பெருக்கவில்லை என்று பார்த்தபோது அவர் என்ன நினைத்திருப்பாரோ.

அக்காவுக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் காவிரிப் பாலத்தைத் தாண்டி நடந்தேன். மறுநாள் காலை ஒரு வெங்காய மண்டியில் சாக்கு தைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். இதற்கு முன் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டதற்குத் தோட்ட வேலை என்று மட்டும் சொன்னேன். தெரிந்தே சொன்ன அந்த ஒரு பொய் எனக்குத் தெரிந்த ஒரே தொழிலைக் கொண்டுபோய்விட்டது, அதற்காக ஒருநாளும் நான் வருந்தியதில்லை. தெரியாமல், அவ்வளவு உறுதியாக, உண்மை என்று நினைத்துச் சொன்ன 'பருவம் முடிஞ்சுபோச்சு' என்ற அந்த ஒரு வார்த்தைதான் இன்றைக்கும் உறுத்திக்கொண்டிருக்கிறது.