மேலே ஒரு கோடு

அக்காவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் "ஏதோ கணக்கு" என்று சமாளித்துவிடுவேன். குவார்க் என்ற நுண்துகள்களில் கனமான ஒன்றை உள்ளே வைத்திருக்கும் துகள்களைப் பற்றிக் கரும்பலகையில் கணக்குப் போடுவதுதான் அவள் பிழைப்பு. அப்படியென்றால் என்ன என்று ஒருநாள் நச்சரித்தேன்.

"எங்க மாமனார் நாற்காலிய விட்டு அசையமாட்டார், நாங்கதான் அவரைச் சுத்தி ஓடுவோம் இல்ல? கனமான குவார்க் அவர். லேசான குவார்க் நாங்க. அவர் அசையவே மாட்டார்னு வெச்சுக்கிட்டா கணக்கு பாதி சுலபம்."

அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அவள் வேலை நிரந்தரமாவது அவளுடைய புதுக் கட்டுரையை நம்பித்தான் இருந்தது. அனுப்பிய கையோடு, சோதனைக்கூடத்தார் அதே துகளை அளந்து முடிவை வெளியிட்டார்கள். அக்கா மைனஸ் என்று சொல்லியிருந்த இடத்தில் அவர்களுக்குப் பிளஸ் வந்திருந்தது. அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கணக்கை மறுபடி மறுபடி போட்டாள், மைனஸ்தான் வந்தது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. குறி மாறினால் குடியா முழுகிவிடும்? முழுகிவிடும் என்றாள்.

கடைசியில் கட்டுரையைத் திரும்பப் பெறுவதென்று முடிவு செய்து, சோதனைக்கூடத்தில் இருக்கும் தோழியைக் கூப்பிட்டாள். நான் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"என் கணக்கு தப்பு போல. குறி தலைகீழா வருது."

"இரு, நீ எதுக்குப் போட்ட? பார் இருக்கிறதுக்கா, இல்லாததுக்கா?" என்றாள் தோழி.

"பார் இருக்கிறதுக்கு."

"நாங்க போட்டது பார் இல்லாததுக்குடி!"

காலங்காத்தாலே இவர்களுக்கு என்ன பார் பேச்சு என்று நான் முறைத்தேன். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் பிறகுதான் புரிந்தது. துகளின் பெயர் 'பி' என்ற ஓர் எழுத்து. எழுத்தின் தலையில் கோடு போட்டால் அது எதிர்த்துகள். அந்தக் கோடுதான் பார். கூத்து என்னவென்றால், கனமான குவார்க் இருப்பது கோடு போட்டதில். கோடு போடாததில் இருப்பது எதிர்க்குவார்க். என்றைக்கோ யாரோ வைத்த பெயர், இனி மாற்ற முடியாதாம். அவள் கணக்கில் ஒன்றுக்கு மைனஸ் என்றால் மற்றதற்குப் பிளஸ். அக்கா எப்போதும் குவார்க்குக்கே கணக்குப் போட்டுப் பழகியவள். சோதனைக்கூடத்தாரின் அட்டவணையில் கோடு இல்லை என்பது அவள் கண்ணில் படவே இல்லை. மாணவர்களை முதல் வகுப்பிலேயே அவள் எச்சரிக்கும் பள்ளம் இது.

"அப்பாடா!" என்று நான் கத்தியைக் கீழே வைத்தேன். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா?

"இவ்வளவு படிச்சு என்ன பிரயோஜனம்? தலையில கோடு இருக்கா இல்லையான்னுகூடப் பாக்கலையா?"

"பாக்கலடி!" கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டே என்னைக் கட்டிப்பிடித்தாள். "நான் முட்டாள்! வெறும் முட்டாள்தான், கணக்கு தப்பில்ல!"

தன்னை முட்டாள் என்று இத்தனை சந்தோஷமாக ஒருத்தி சொல்லி நான் கேட்டதே இல்லை.