ஒரு கை நீள இடம்

நான் வேலை செய்யும் மேசையில் எனக்கு இடப்பக்கம் ஓர் இயந்திரக் கை நிற்கிறது. தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் உண்டு, உடம்பு மட்டும் இல்லை. மணிக்கட்டுக்குக் கீழே கிரிப்பர் என்று சொல்லும் இரண்டு இரும்பு விரல்கள். பெல்ட்டில் வரும் பித்தளைக் குழாய்களை நான் துடைத்துத் தட்டில் வைக்க, அது எடுத்துப் பெட்டியில் அடுக்குகிறது. பழைய ரோபோக்களைக் கம்பிக் கூண்டுக்குள் நிறுத்தியிருப்பார்கள், கிட்டே போனால் அடித்துவிடும். இது கோபாட். ஆட்களோடு ஆளாக நின்று வேலை செய்யும். நம்மேல் பட்டால் அந்த நொடியே நின்றுவிடும். இது வந்த முதல் வாரத்தில் ஒருநாள் என் முழங்கை அதன்மேல் பட்டது. அது நின்றது. நானும் நின்றேன். அது போகட்டும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் அசையவில்லை. பெல்ட்டில் குழாய்கள் குவிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கீழே விழத் தொடங்கிய பிறகுதான் சூப்பர்வைசர் மாரெக் ஓடி வந்தார்.

"ந ட்சோ செக்காஷ்?" என்றார். எதற்குக் காத்திருக்கிறாய் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த அரைகுறைப் போலிஷ் மொழியில், "முதலில் அது போகணும்" என்றேன். நான் பயப்படுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். நல்ல மனிதர். கையின்மேல் தன் கன்னத்தை வைத்துக் காட்டி, "பார், ஒன்றும் செய்யாது, பூனைக்குட்டி" என்று சிரித்தார். நின்றுவிட்டால் பச்சைப் பட்டனை அழுத்த வேண்டும் என்று என் விரலைப் பிடித்து அழுத்திக் காட்டினார். "டோப்ஷே?" என்று கேட்டார். சரி என்றேன். எனக்குப் பயமில்லை. ஆனால் நான் ஏன் நின்றேன் என்று அவருக்குச் சொல்ல வேண்டுமானால் ஏரியிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு என்னிடம் போலிஷ் போதாது. ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கும், என்னைப் போல எங்கெங்கோ கிடப்பவர்களுக்கும் தமிழிலாவது சொல்லி வைக்கிறேன்.

பழவேற்காட்டு ஏரியில் படகும் வலையும் உள்ளவர்கள் ஒரு பக்கம் போவார்கள். எங்களுக்கு இரண்டும் இல்லை. பசியாவரத்துக்கு எதிர்க்கரையில் எங்கள் குடிசைகள் இருக்கின்றன. தண்ணீரில் மண்டியிட்டு, சேற்றைத் தடவி, கையாலேயே இறால் பிடிப்போம். பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு நகர்வதால் தண்ணீரில் யாரும் பேச முடியாது. ஆணும் பெண்ணும் கலந்து ஒரே வரிசையாகப் போவோம். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் ஒரு கை நீள இடம் இருக்கும். கலங்கல் தண்ணீரில் சில சமயம் ஒருவர் கை இன்னொருவர் கைமேல் பட்டுவிடும். பட்டவுடன் இரண்டு பேரும் நிறுத்திவிட வேண்டும். யார் கை போய்ப் பட்டதோ அவர் காத்திருக்க வேண்டும், மற்றவர் முதலில் நகர்வார். அந்த இடத்து இறால் அவருக்குத்தான். வாயில் கயிறு இருக்கும்போது இதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. என் முழங்கை போய் இயந்திரத்தின்மேல் பட்டது. அது போகட்டும் என்று நான் நின்றதற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அந்த வரிசைக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவர் வெளியூருக்குப் போயிருந்தால் அவருடைய இடத்தைக் காலியாகவே விட்டு வரிசை நகரும். அந்த வெளியை மூட யாருக்கும் உரிமை இல்லை, பக்கத்தில் நிற்கும் சொந்தக்காரரைத் தவிர. புருஷன் செத்தால், காரியம் முடிந்து முதல்தடவை தண்ணீரில் இறங்கும்போது பெண்டாட்டி ஒரு கை நீளம் பக்கவாட்டில் நகர்ந்துகொள்வாள். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்று கிளம்பியவன் நான். மீஞ்சூரில் குழாய் பதிக்கும் வேலை, சூளூர்ப்பேட்டைப் பக்கம் இறால் பண்ணைக் காவல், பிறகு சிங்கப்பூரில் கட்டட வேலை. நடுவில் கல்யாணம். ஆரம்பாக்கத்துப் பக்கம் வயல் வேலை செய்கிற வீட்டில் பிறந்தவள் கன்னியம்மா. ஏரியில் இறங்கத் தெரியாது. முதல் நாட்களில் நான்தான் தண்ணீருக்குள் அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சேற்றின்மேல் நகர்த்திக் காட்டினேன். விரல் எவ்வளவு அகல வேண்டும், இறால் துள்ளும்போது எப்போது மூட வேண்டும் என்று. அவள் கை முதலில் விறைத்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் சட்டென்று தளர்ந்து என் கையோடு வந்தது. அன்றைக்கே அவளுக்கு வேலை வந்துவிட்டது. ஒரு பருவத்துக்குள் என் பறியைவிட அவள் பறி கனமாகிவிட்டது. கரையேறியதும் என் பறியைத் தூக்கிப் பார்த்து, "இன்னாய்யா இது, காத்தா புட்ச்சினு வந்த?" என்பாள்.

சிங்கப்பூரிலிருந்து திரும்பிய மறுநாள் ஏரியில் இறங்கினேன். கன்னியம்மாவுக்கும் பக்கத்து வீட்டு முனுசாமி அண்ணனுக்கும் நடுவில் என் இடம் அப்படியே இருந்தது. பிடித்ததை வாங்கிக்கொள்ள வியாபாரியின் சிறு தோணியைக் கோலால் தள்ளிக்கொண்டு வருகிறவன் கன்னியம்மாவின் தம்பி துலுக்காணம். ஒரு கால் ஊனம் என்பதால் வரிசையில் இறங்கமாட்டான். வாயில் கயிறு இல்லாத ஒரே ஆள் அவன்தான். "வந்துட்டாருப்பா தொர! கை மெத்துனு ஆயிருக்கும் மாமா, பாத்து, எறா கட்ச்சிடப் போவுது" என்றான். வரிசையே பல்லில் கயிற்றோடு சிரித்தது. கன்னியம்மா சிரித்ததில் பறி கவிழ்ந்து பாதி இறால் தண்ணீரோடு போய்விட்டது. அவள் அதற்குக் கவலைப்படவில்லை.

ஆனால் எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. ஒரு ஏஜென்ட் மூலம் போலந்துக்கு வந்தேன். ஜெர்மனி எல்லைக்குப் பக்கத்தில் சின்ன ஊர். ஏரி ஒன்று இருக்கிறது, குளிர்காலத்தில் உறைந்து கல்லாகிவிடும், அதன்மேல் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். தொழிற்சாலையில் என் இடப்பக்கம் ஹலினா என்ற அம்மாள் நின்றார். என் மதியச் சோற்றை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் டப்பாவிலிருந்து ஊறுகாய் வெள்ளரிக்காய் ஒன்று எடுத்து வைப்பார். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். புதிய கைகள் வந்தபோது மேசைக்கு ஓர் ஆள் போதும் என்றார்கள். ஹலினா தன் கோட்டை மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார். அன்று ஷிப்ட் முடிவதற்குள் அவர் நின்ற தரையில் துளை போட்டு, நான்கு போல்ட்டு முடுக்கிக் கையை நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஊரில் செத்தவனுக்குக்கூட இதைவிடக் கொஞ்ச நாள் கூடுதலாக இடம் இருக்கும்.

அந்தக் கைக்கு வேலை சொல்லிக்கொடுப்பது கம்ப்யூட்டரில் இல்லை. மணிக்கட்டில் ஒரு பட்டன். அதை அழுத்தினால் கை தளர்ந்து கனமில்லாமல் நம்மோடு வரும். பிடித்து நகர்த்தினால் போன வழியை நினைவில் வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் செய்யும். முதல்முறை அது என் பிடியில் தளர்ந்தபோது நான் பட்டனை விட்டுவிட்டேன். சூடு என்று மாரெக் நினைத்து, கையுறை கொண்டுவந்து கொடுத்தார்.

சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார்கள். லீவில் போனால் திரும்பி வரும்போது இடம் இருக்குமா என்று கேட்டேன். மாரெக் உதட்டைப் பிதுக்கினார். அதனால் அந்த வருடம் போகவில்லை. அடுத்த வருடமும் போகவில்லை. கன்னியம்மா ஒவ்வொரு தடவையும், "சரி" என்றாள். அந்தச் சரியை நான் சரி என்றே எடுத்துக்கொண்டேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துலுக்காணம் வீடியோவில் கூப்பிட்டான். தோணியில் நின்றுகொண்டிருந்தான். "மாமா, ஏரி பாக்கறியா? தண்ணி நல்லா எறங்கி கீது" என்று போனைத் திருப்பினான். வெயில் தண்ணீரில் பட்டதில் கண் கூசியது. வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. தலைகள், முதுகுகள், மிதக்கும் பறிகள். கன்னியம்மாவின் மஞ்சள் துணி கட்டிய தலையைக் கண்டுபிடித்தேன். அதற்கு அடுத்து முனுசாமி அண்ணனின் நரைத்த தலை. நடுவில் ஒரு கை நீளம்தான் இருந்தது. இரண்டு கை நீளம் இருக்க வேண்டும்.

"மச்சான், அக்கா ஏன் அங்க கீறா?"

"எங்க?"

"முனுசாமி அண்ணன் பக்கத்துல."

அவன் போனைச் சட்டென்று தன் பக்கம் திருப்பினான். "சிக்னல் வுட்டு வுட்டு வருது மாமா. அக்காவே பேசும்" என்று வைத்துவிட்டான்.

கரையேறியதும் அவள் கூப்பிட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"பாத்தேன்" என்றேன்.

"பாக்கணும்னு தான் அவன போன் எத்துனு வரச் சொன்னேன். வாயால சொல்ல வரல."

"நான் இன்னா செத்தா பூட்டேன் கன்னி?"

"யாரு செத்தன்னது? கீற. போன்ல கீற."

அவளே சொன்னாள்: "எடம் வுட்டா எறா அதுல தான் பூந்து ஓடுது. யாரும் ஒண்ணும் சொல்லல. சொல்லிருந்தா நல்லா சண்ட வலிச்சிருப்பேன். சொல்லாம என்னயே பாக்கறாங்க. தண்ணில கைய வுட்டா இந்தப் பக்கம் எப்பவும் வெறும் சேறு. எத்தினி நாளு நான் வெறும் சேத்தத் தடவறது, சொல்லு."

"அட்த்த வருசம் கண்டிப்பா வந்துர்றேன்மே."

"வா. வேணாம்னா சொன்னேன்? வந்தா கரையில ஒக்காரு, சோறு போட்றேன். தண்ணில எடம் இல்ல." பிறகு எப்போதும் கேட்கிற குரலில், "சாப்ட்டியா?" என்றாள்.

சாப்பிட்டேன் என்றேன். இன்னும் அடுப்பே பற்ற வைக்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது. அந்த வாரம் கைக்குப் புதிய விரல்கள் வந்திருந்தன. பளபளப்புப் பூச்சு உள்ள குழாய்களை இரும்பு விரல் கீறிவிடுகிறது என்று மெத்தென்ற ரப்பர் விரல்கள், தொட்டால் காது மடல் மாதிரி இருக்கும். விரலை மாற்றினால் வழியையும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பட்டனை அழுத்தி மணிக்கட்டைப் பிடித்தேன். கை தளர்ந்து வந்தது. தட்டிலிருந்து குழாயை எடுக்க வைத்து, பெட்டியை நோக்கி நகர்த்தினேன். நேராகப் போயிருக்க வேண்டும். என் கை அப்படிப் போகவில்லை. மேசையின் நடுவில், எனக்கும் அதற்கும் இடையில் ஒரு கை நீள இடத்தை விட்டு ஒதுங்கி, சுற்றிக்கொண்டு பெட்டிக்குப் போனது. பட்டனை விட்டேன். இயந்திரம் அப்படியே திரும்பச் செய்தது.

மாரெக் வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏன் சுற்றுகிறது? அங்கே ஒன்றும் இல்லையே" என்றார்.

"ஆள் வரணும்" என்றேன்.

ஆபீஸில் மேசைக்கு இன்னொரு ஆள் போடப் போகிறார்கள், தன்னிடம்தான் யாரும் சொல்லவில்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். "ஆ, டோப்ஷே" என்று தலையாட்டினார். போய் மஞ்சள் டேப் கொண்டுவந்து, அந்த வெறும் இடத்தைச் சுற்றிச் சதுரமாக ஒட்டினார், யாரும் தெரியாமல் எதையும் வைத்துவிடக் கூடாது என்று.

ஒருநாள் யாராவது நேரத்தைப் பார்த்து, இந்தச் சுற்று வீண் என்று வழியை நேராக்கிவிடுவார்கள். அதுவரை மத்தியான ஷிப்டுக்கு வருகிறவர்கள்கூட அந்தச் சதுரத்தில் கையுறையையோ காபிக் குவளையையோ வைப்பதில்லை. கை ஒவ்வொரு முறையும் மஞ்சள் கோட்டின் ஓரம்வரை வந்து, ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போகிறது.