முன்னால் நின்றவர்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு தை மாதக் கடைசி. கொல்லிமலையில், சோளக்காட்டுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ரேஷன் கடை விற்பனையாளராக இருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். சொந்த ஊர் கீழே ராசிபுரம் பக்கம். ரேஷன் கடைக்காரன் பிழைப்புதான் தெரியுமே. சிக்னல் கிடைக்காவிட்டாலும் திட்டு, கைரேகை விழாவிட்டாலும் திட்டு, அரிசியில் வண்டு இருந்தால் அதை நானே ஊட்டி வளர்த்த மாதிரி திட்டு. வாங்கி வாங்கித் தோல் தடித்துப்போனவன் நான். என்னையே உலுக்கிப் போட்டுவிட்டது இந்த விஷயம்.

அன்று காலையில் கடையைத் திறந்து சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு வலி. வாய்வாக இருக்கும் என்று ஒரு சோடா வாங்கிக் குடித்தேன். வலி இடது கைக்கு இறங்கியது. சட்டை முழுக்க வேர்வை. அப்படியே தராசின் மேல் சாய்ந்துவிட்டேன். வரிசையில் நின்ற பெண்கள்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். சற்று முன்புவரை பாமாயில் ஏன் வரவில்லை என்று என்னை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள்தான்.

எங்கள் பக்கத்துக்கு இருப்பது ஒரே வண்டி. அது அப்போது சோளக்காடு சந்தையிலேயே நின்றிருந்தது. என் நல்ல நேரம் என்றுதான் அன்று நினைத்தேன்.

வண்டியில் ஒரு டிரைவர், கூட ஒரு நர்ஸ் பெண். இரண்டு பேருக்கும் என் பிள்ளைகள் வயதுதான் இருக்கும். கொல்லிமலை ரோட்டில் இறங்கியவர்களுக்குத் தெரியும், ஒரு கொண்டை ஊசி வளைவு முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்துவிடும். நல்ல உடம்போடு பஸ்ஸில் போகிறவர்களே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டுதான் போவார்கள். அந்த டிரைவர் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாலேயே "இடதுங்க", "வலதுங்க" என்று பின்பக்கம் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே ஓட்டினார். அவர் சொன்னதும் அந்தப் பெண் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் என் தலை உருளாமல் பிடித்துக்கொள்வாள். நான் அவள் உடுப்பின் மேலேயே வாந்தி எடுத்தேன். "பரவால்லீங்க சார், நீங்க பேசாதீங்க" என்றாள். கண்ணைத் திறக்கத் தெம்பில்லை. அந்த இடது வலது மட்டும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அந்தக் குரல் நிற்காதவரை நானும் சாகமாட்டேன் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை.

பிழைத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். வீட்டுக்குப் போகிற நாளில் என் மனைவி அவருக்குப் பழக்கூடை கொடுத்தாள், மகன் சால்வை போர்த்தினான். நடுவில் ஏதோ ஒரு நம்பரிலிருந்து போன் வந்தது. ஆம்புலன்ஸ் சேவை திருப்தியாக இருந்ததா என்று ஒரு பெண் குரல் கேட்டது. ரொம்ப திருப்தி என்றேன். அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியபோது, டிரைவருக்கு ஒரு வேட்டி சட்டையும் அந்தப் பெண்ணுக்கு ஒரு சேலையும் எடுத்துக்கொண்டு போனேன். வண்டி வழக்கமான இடத்தில்தான் நின்றது. அந்தப் பெண் இருந்தாள். டிரைவர் சீட்டில் வேறு ஆள். அவர் எங்கே என்று கேட்டேன். என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னாள்.

என்னை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வண்டியைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அழைப்பு வந்திருக்கிறது. மலைக்கு மேலே தேவனூர் நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். சில்வர் ஓக் மரத்தில் ஏணி போட்டு மிளகு பறித்துக்கொண்டிருந்த ஒருவர் தவறி விழுந்துவிட்டார். இவர்கள் டீகூடக் குடிக்காமல் மறுபடி மலை ஏறியிருக்கிறார்கள். போய்ச் சேரும்போது அவர் உயிர் அடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. உடம்பில் இன்னும் சூடு இருந்ததாம். கூடியிருந்தவர்கள் டிரைவரை வண்டியிலிருந்து இழுத்துப் போட்டு அடித்திருக்கிறார்கள். முன் கண்ணாடிக்குக் கல். ஏன்டா லேட்டு, ஏன்டா லேட்டு என்று கேட்டுக் கேட்டு அடி. ரேஷன் கடை சாரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறோம் என்று இந்தப் பெண் வாயெடுக்கப் போக, அவர் கண்ணைக் காட்டி அடக்கிவிட்டார். கடைசிவரை காரணம் சொல்லவே இல்லை.

"நான் ஏன்னு அப்புறமாக் கேட்டேனுங்க. அந்த சாரு பொழைச்சு வந்தா இங்கதான இருந்தாகோணும், அவரு பேர எதுக்கு இழுக்கறதுன்னாரு" என்றாள்.

அங்கிருந்த கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்தார்களாம். எப்படி? அடி வாங்கியவர் மன்னிப்புக் கேட்டார். அத்தோடு முடிந்தது. ஆம்புலன்ஸ் ஆபீஸில் மேலே இருந்தவர்களோ, புகார் வந்திருக்கிறது, கூப்பிடும்வரை வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்த வேலைதானே, கூப்பிடவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இறந்தவர் வீட்டுக்குப் போனேன். நான்தான் காரணம் என்று சொல்லிவிட்டால், அவர்களே வந்து அந்த டிரைவர் பையனுக்காக ஒரு வார்த்தை சொல்வார்கள், வேலை திரும்பக் கிடைக்கும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. இறந்தவரின் மனைவியும் மச்சானும் இருந்தார்கள். களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதைச் சொல்லிவிட்டேன். அன்று வண்டி வரத் தாமதமானது என்னால்தான், என்னைத்தான் கொண்டுபோயிருந்தார்கள் என்று.

அந்த அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அது அன்னைக்கே தெரியுமுங்க. உங்களக் கொண்டுக்கிட்டுப் போனது மலைக்கே தெரியுமே" என்றார்.

தெரிந்துமா அடித்தீர்கள் என்று எப்படியோ கேட்டுவிட்டேன். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு, "யார அடிக்கறதுன்னு தெரியலீங்க. முன்னால நின்னது அவன்தானுங்க" என்றார்.

அதில் திமிர் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். இத்தனை ஊருக்கு ஒரே வண்டி என்று வைத்தவர்கள் யாரும் அன்று அந்தக் களத்தில் வந்து நிற்கவில்லை. அவருக்காக ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்று கேட்டேன். சொன்னால் போனவர் வந்துவிடுவாரா என்றார் மச்சான். அந்த அம்மா காப்பி கொண்டுவந்து கொடுத்தார். கணவனை இழந்த வீட்டில், அவர் இழக்கக் காரணமான வண்டியில் பிழைத்தவன் நான், உட்கார்ந்து அந்தக் காப்பியைக் குடித்தேன். வேண்டாம் என்று சொல்லக்கூடத் தைரியம் வரவில்லை.

திருப்தியா என்று கேட்ட அந்த நம்பருக்கும் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பதிவு செய்துகொண்டோம், நன்றி என்றார்கள். அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

கடைசியில் டிரைவர் வீட்டைத் தேடிப் போனேன். மலையடிவாரத்தில் ஒரு வாடகை வீடு. இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். இடது காதில் சரியாகக் கேட்பதில்லை என்று வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு பேசினார். என்னைப் பார்த்ததும், "மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா சார்?" என்றுதான் முதலில் கேட்டார். வேட்டி சட்டையை நீட்டினேன். சங்கடப்பட்டுக்கொண்டு வாங்கினார். அவர் மனைவி கதவோரமாக நின்றிருந்தார்.

"இத்தன வருசம் எத்தனையோ பேர ஏத்திக்கிட்டுப் போயிருக்காரு சார். தேடிக்கிட்டு ஊட்டுக்கு வந்த மொத ஆளு நீங்கதான்" என்றார்.

பெருமையாகச் சொன்னாரா, எரிச்சலில் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

மறுபடி ஆம்புலன்ஸுக்குப் போவீர்களா என்று கேட்டேன். அவர் சிரித்தார். கிளம்பும்போது வாசல்வரை வந்து, அந்த ஊர்க்காரர்கள் யாரும் உங்களை ஒன்றும் சொல்லவில்லையே சார் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். இல்லை, அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். நல்லதுங்க என்றார். அவ்வளவு அடியையும் எதற்காகப் பொறுத்துக்கொண்டாரோ அது வீண் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

இன்றைக்கும் சோளக்காட்டில் அந்த ஒரே வண்டிதான் நிற்கிறது. என் கடையைத் தாண்டி அது சைரனோடு போகும்போதெல்லாம் வரிசையில் நிற்கிறவர்கள் யாருக்கோ என்னவோ என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எனக்கு மட்டும் உள்ளே இருக்கிற நோயாளியைப் பற்றி நினைப்பு ஓடுவதில்லை. அடுத்த ஊரில் இறங்கி முன்னால் நிற்கப்போகிற அந்த டிரைவரை நினைத்துத்தான், பிழைத்துக் கிடக்கிற இந்த நெஞ்சு இன்னும் வலிக்கிறது.