தொப்பி இல்லாத சல்யூட்

என் அப்பா ஓய்வுபெற்ற ஏட்டு. வேலையை விட்டு வந்தும் போலீஸ் தொப்பியை விடவில்லை. எங்கள் காரின் முன்கண்ணாடிக்கு உள்ளே அது எப்போதும் வெளியே தெரியும்படி இருக்கும். தெருவுக்கு நாலு போலீஸ் குடும்பம் உள்ள தென்காசியில் இது அதிசயமில்லை. தொப்பி தெரிந்தால் வண்டியைத் தொடமாட்டார்கள் என்பது எங்கள் ஊர்ச் சட்டம்.

சாரல் விழத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போனோம். அருவிக்குப் போகும் ரோட்டில், வண்டி நிறுத்தக் கூடாது என்ற பலகைக்கு நேர் கீழேயே அப்பா காரை நிறுத்தினார்.

"அங்கன கிரவுண்டுல போடுவோமேப்பா" என்றேன்.

"சும்மா வாட்டி. நம்ம டிபார்ட்மெண்டு ஆளுகதான் நிக்காவ."

சட்டை, வேட்டி, செல்போன் எல்லாவற்றையும் காருக்குள் வைத்துப் பூட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு, தலையில் எண்ணெயும் இடுப்பில் துண்டுமாக ராஜநடை நடந்தார்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் காரின் முன்சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின. வண்டி தூக்கும் கிரேன் கொக்கி மாட்டித் தயாராக நின்றது. பக்கத்தில் ஓர் இளம் எஸ்.ஐ. எங்கள் கார் கதவை லத்தியால் தட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு 'ர்' போட இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை.

"சார், தப்புதான். அப்பாவுக்கு வேட்டிய மட்டுமாவது எடுத்துக்கிடுதேன்."

"கைய எடும்மா. ஸ்டேஷன்ல வந்து எடுத்துக்கோ."

அப்பா துண்டைப் பிடித்தபடி முன்னால் வந்தார். "ஐயா, நானும் டிபார்ட்மெண்டுதான்யா. ஏட்டா இருந்து ரிட்டயர்டு ஆனவன்."

அவன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "துண்டு கட்டுனவன்லாம் ஏட்டுங்கான். தொப்பிய வச்சு யார ஏமாத்துத? ஏட்டுன்னா ஒரு சல்யூட் அடி, பாப்போம்."

ஈரத்தலையோடு ஆட்கள் கூடிவிட்டார்கள். நாலைந்து செல்போன்கள் மேலே எழுந்தன.

"தொப்பி இல்லாம அடிக்கக் கூடாதுங்கய்யா" என்றார் அப்பா. மறுக்கவில்லை, முறையை எடுத்துச் சொன்னார். தொப்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"அடிய்யா. வண்டி வேணும்லா?"

"அப்பா, வேண்டாம். வாங்க, நடந்தே போவோம்" என்று நான் கத்தினேன். அவர் காதில் விழவில்லை. குதிகால்களைச் சேர்த்தார். நெஞ்சை நிமிர்த்தினார். சல்யூட் அடிக்கும்போது இடது கை தொடையோடு ஒட்டி இருக்க வேண்டும். அதனால் துண்டைப் பிடித்திருந்த கையை எடுத்தார்.

துண்டு விழுந்தது. கோவணத்தோடு, கார் சாவி அரையில் தொங்க, வலது கையை நெற்றியில் வைத்தபடி என் அப்பா நின்றார். குனிந்து எடுக்கவில்லை. மேலதிகாரி பதில் சல்யூட் அடிக்காமல் கையை இறக்கக் கூடாதாம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"எறக்கி விடுலே" என்று கிரேன்காரரிடம் சொல்லிவிட்டு, எஸ்.ஐ. சிரித்தபடியே அடுத்த வண்டிக்குப் போய்விட்டான்.

திரும்பும் வழியில் அவனைப் பிள்ளைகுட்டி வரை இழுத்துத் திட்டிக்கொண்டே நான்தான் காரை ஓட்டினேன். தொப்பியை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா, மேலகரம் தாண்டியதும் சொன்னார்.

"அவர ஏம்ட்டி திட்டுத? எங்கிட்டத் தொப்பி இல்லைலா. அதான் அவரு திருப்பி சல்யூட் அடிக்கல."