பத்து மணித் தட்டல்

என் மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒவ்வொரு கோடைக்கும் ஒன்றைத்தான் கேட்டாள். வகுப்பில் மற்றப் பிள்ளைகளைப் போல வோன்வாகனில் எங்காவது போக வேண்டும். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் சின்ன வீடுதான் வோன்வாகன். "அடுத்த வருசம் பாப்பம் பிள்ளை" என்பேன். நான் வேலை செய்த உணவகத்தில் கோடையில்தான் சனம் முட்டும். அடுத்த வருசம், அடுத்த வருசம் என்று சொல்லியே அவளை வளர்த்துவிட்டேன்.

இப்போது அவள் பான் நகரில் ஆராய்ச்சி வேலையில் இருக்கிறாள். மனைவி இறந்து மூன்று வருடமாகிறது. எனக்கும் பென்ஷன் வந்துவிட்டது. பேர்லின் வீட்டில் நானும் தொலைக்காட்சியும்தான். இந்த வசந்தத்தில், புத்தி கெட்டுப்போய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மகளைவிட வயது கூடிய ஒரு வோன்வாகனை வாங்கி, நகருக்கு வெளியே ஓர் ஏரிக்கரை முகாமில் நிறுத்தினேன். சொன்னதும் அவள் சிரித்தாள். பிறகு, "சரியப்பா, பெந்தெகொஸ்தே லீவுக்கு வாறன்" என்றாள். அன்றிலிருந்து நான் நாள் எண்ணத் தொடங்கினேன்.

கதவுக்குப் பக்கத்தில் அலுமினியத் தகடு பெரிதாக நெளிந்து கிடந்தது. முந்தைய சொந்தக்காரர் மரத்தில் இடித்தாராம். வந்து இறங்கும் பிள்ளையின் கண்ணில் முதலில் அதுதான் படும். அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

நெளிவு எடுக்க எனக்குத் தெரியாதா என்ன? பேர்லினில் நொய்கெல்ன் பகுதி முருகன் கோயிலில் அன்னதானக் கிடாரம் நெளிந்தால் என்னைத்தான் தேடுவார்கள். வெளியே மண்மூட்டையை முட்டுக் கொடுத்து, உள்ளேயிருந்து நடுவில் ஓங்கி நாலு அடி. கிடாரம் சொன்ன சொல் கேட்கும். அதே துணிச்சலில் வண்டியின் உட்பலகையைக் கழற்றி, ரப்பர்ச் சுத்தியலால் நடுவில் நாலு அடி போட்டேன். வெளியே வந்து பார்த்தால் நெளிவைக் காணோம். பெருமை பிடிபடவில்லை.

அடுத்த வண்டியில் இருக்கும் ஜெர்மன்காரர் வந்து உள்ளங்கையால் மெல்ல அழுத்தினார். தகடு டொக் என்று உள்ளே போனது. கையை எடுத்ததும் டொக் என்று வெளியே வந்தது. "அடிக்கக் கூடாது. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். இது மெல்லிய தகடு, இழுபட்டுவிட்டது" என்றார். விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளிடம் போய் வந்ததும், பின்னால் ஒரு மரச்சட்டம் ஒட்டி அடக்கித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு தினமும் பத்து மணியளவில் அந்தப் பக்கம் வெயில் விழும்போது, சூட்டில் தகடு ஒரு தடவை டொக் என்னும். அச்சொட்டாகக் கதவு தட்டும் சத்தம். முதல் நாள் ஓடிப்போய்த் திறந்தேன். ஆளில்லை. தகடுதான் என்று தெரிந்த பிறகும் இரண்டு நாள் திறந்தேன். என் கால்களின் மேல் எனக்கே கோபம் வந்தது.

சனிக்கிழமை வந்தது. மகளுக்குப் பிடித்த மீன்குழம்பை இறக்கி வைத்துவிட்டு, இரண்டு கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். பத்து மணி ஆகப்போகும் நேரம் தொலைபேசி அடித்தது.

"அப்பா, கோவிக்காதேங்கோ. செவ்வாய்க்குள்ள ஆராய்ச்சிக் காசு கேட்டு ஒரு ஆன்ட்ராக் எழுதி அனுப்ப வேணும். வர ஏலாது. அடுத்த மாசம் பாப்பம், என்ன?"

பாப்பம். நான் பழக்கிக் கொடுத்த சொல். அதில் பிழை பிடிக்க எனக்கு வாயில்லை. கழுவிய கோப்பைகளில் ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

"அப்பா? அங்க தனியவோ இருக்கிறியள்?"

நான் வாயைத் திறக்கும் முன் தகடு டொக் என்றது.

"ஆரோ கதவு தட்டுகினமெல்லோ?"

"ஓம் பிள்ளை" என்றேன். "பக்கத்துக்காரர் தேத்தண்ணி குடிக்க வந்திட்டார். நீ வேலையைப் பார்."

அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. "அப்ப சரியப்பா. நீங்கள் தனிய எண்டுதான் யோசிச்சனான்."

தொலைபேசியை வைத்தேன். சொன்ன பொய்க்காகவாவது எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.